ஐந்தாவது மாடிக் கயிறு

"வெட்ட முடியாது!"

ஐந்தாவது மாடி பால்கனியிலிருந்து டோ சேன் யீ போட்ட சத்தத்தில், கீழே நடைபாதைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினார்கள்.

"மத்தவங்க எல்லாரும் வெட்டியாச்சு அக்கா!" தெருவில் நின்றபடி ஊ சித் ஸ்வே கத்தினார். மூன்றாவது மாடிக்காரர், கட்டடக் குழுவின் தலைவர். கையில் தோட்டக்காரர்கள் வைத்திருப்பது போல ஒரு பெரிய கத்தரி. "நீங்க மட்டும்தான் பாக்கி!"

"அப்ப நான் பாக்கியாவே இருந்துட்டுப் போறேன்!"

"முன்பக்கம் பூரா பெயின்ட் அடிக்கிறோம். நடுவுல உங்க கயிறு தொங்கினா எப்படி இருக்கும் தெரியுமா? புது லுங்கி கட்டிக்கிட்டு நாடாவை வெளிய விட்ட மாதிரி இருக்கும்!"

"லுங்கிக்கு ஏதுய்யா நாடா?"

தேநீர்க் கடை சிரித்தது. ஊ சித் ஸ்வே கத்தரியை மடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ரங்கூன் சந்துகளில் லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கெல்லாம் இந்தக் கயிறுதான் கை. மேலே நுனியில் ஒரு மணி, கீழே நுனியில் ஒரு கவ்வி. பேப்பர்காரர் வந்து கயிற்றை இழுப்பார், மேலே மணி அடிக்கும். கவ்வியில் பேப்பரை மாட்டுவார், மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். மொய்ங்கா என்கிற மீன் நூடுல்ஸ், கீரை, வெற்றிலை, மறந்துவிட்டுப் போன குடை எல்லாம் அப்படித்தான் ஏறும், இறங்கும்.

இப்போது வாசலில் ஒரு பலகை மாட்டியாகிவிட்டது. அதில் ஏழு மாடிக்கும் ஏழு பொத்தான்கள். அழுத்தினால் வீட்டுக்குள் குயில் கூவும், கரன்ட் இருக்கும் நேரங்களில். விளக்குத் திருநாளன்று வட்டாரப் பெரியவர்கள் வந்து அழகான முகப்புக்குப் பரிசு கொடுக்கப் போகிறார்கள் என்பதால் பலகை, பெயின்ட், கத்தரி மூன்றும் ஒரே மாதத்தில் வந்தன.

டோ சேன் யீ பொத்தானை வெறுத்தார் என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாள் முழுக்க அதை முயன்று பார்த்தார். குயில் கூவியது. "பேப்பர்!" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. "மேல கொண்டு வாயேன்பா" என்றார். "அஞ்சு மாடி பெரியம்மா, இன்னும் முப்பது வீடு இருக்கு!" என்று பதில் வந்தது. முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி மேலே ஏறி வந்தார். இறங்கும்போது அது காலைப் பேப்பர். ஏறி முடித்தபோது அது பழைய பேப்பர்.

"விஷயம் இவ்வளவுதான்டா," என்று அன்று சாயங்காலம் தம்பியிடம் சொன்னார். "பொத்தான் என்னைக் கீழ கூப்பிடுது. கயிறு கீழ இருக்கறதை மேல கொண்டு வருது. எது புது வசதி, நீயே சொல்லு."

தம்பி வின் காங் ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இருந்தான். அக்காவை அங்கே கூட்டிப்போய் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்கு வெகுநாள் ஆசை. அவன் கெட்டவன் இல்லை, அதுதான் பிரச்சினை. கெட்டவனாக இருந்தால் டோ சேன் யீ சுலபமாக ஜெயித்திருப்பார்.

"அக்கா, இந்த வீட்டைப் பாரு." அவன் கையை வீசிக் காட்டினான். சுழற்றும் கறுப்புத் தொலைபேசி, பென்சிலால் நாடா சுற்ற வேண்டிய கேசட் பெட்டி, குமிழைத் திருகினால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பாடும் வானொலி. "அந்த போனுக்கு லைன் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குத் தினம் துடைக்கறே?"

"ஓய்வுல இருக்கு. நானுந்தான் ஓய்வுல இருக்கேன். என்னைத் தூக்கிப் போட்டுட்டியா?"

டோ சேன் யீ தொலைபேசி நிலையத்தில் வெளியூர் ட்ரங்க் கால் இணைத்துக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாண்டலேயையும் மௌல்மேனையும் தன் கையால் ஒரு கயிற்றைச் செருகிச் சேர்த்து வைத்தவர். கயிற்றைப் பற்றி யாராவது பாடம் நடத்த வந்தால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும்.

"சரி, ஒரே பேச்சு," என்றான் வின் காங். "இந்தக் கட்டடத்துல மத்த ஆறு வீடும் கயிறு இல்லாம இருக்காங்க. ஏழாவது மாடியில எண்பது வயசுக்காரரே இருக்கார். உனக்கு மட்டும் கயிறு இல்லாம முடியலன்னா, உன்னால தனியா இருக்க முடியலன்னுதானே அர்த்தம்? விளக்குத் திருநாளன்னைக்கு உன்னைக் கும்பிட வருவேன். அப்பவும் நீ கயித்தைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தே, அன்னைக்கே பெட்டி கட்டிடணும்."

மற்ற ஆறு கயிறுகளும் போய்விட்டது நிஜம்தான். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிந்தது: சுவர் மொட்டையாக இருந்தது.

"சரி," என்றார். மனதுக்குள், 'கயிறு இருக்கும். ஆனா யார் கண்ணுக்கும் தெரியாது' என்று சேர்த்துக்கொண்டார்.

முதல் யோசனை, நிறம்.

பெயின்ட் அடிக்கிற கோ போ லோன் தொங்கு பலகையில் ஐந்தாவது மாடிக்கு வந்தபோது, டோ சேன் யீ அவருக்கு ஒரு தட்டு ஊறிய தேயிலைக் கலவையும் ஒரு கோப்பைத் தேநீரும் நீட்டினார்.

"தம்பி, இந்தப் பச்சைல ஒரு டம்ளர் கொடேன்."

"எதுக்கு பெரியம்மா?"

"பூந்தொட்டிக்கு."

அந்தப் பச்சையைக் கயிற்றுக்கு அடித்து, ஈரச் சுவரோடு ஒட்டினாற்போலத் தொங்கவிட்டார். அற்புதமாக மறைந்தது. கத்தரியோடு வந்த தலைவர் மூன்று முறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இப்பதான் அக்கா நல்ல அக்கா!" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பேப்பர்காரர் கோ லத் வழக்கம்போலக் கயிற்றை இழுத்தார். வரவில்லை. காய்ந்த பெயின்ட் கயிற்றைச் சுவரோடு பிடித்துக்கொண்டிருந்தது. கோ லத் கடமை தவறாதவர். பேப்பர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

வந்தது. கயிறும் வந்தது, கயிற்றோடு பெயின்டும் வந்தது. ஐந்தாவது மாடியிலிருந்து தரைவரை, ஒரு மலைப்பல்லி சறுக்கிக்கொண்டே இறங்கியது போல ஒரு தடம்.

"இது என்னது?" என்றார் ஊ சித் ஸ்வே, அழாத குறையாக.

"வெயில்," என்றார் டோ சேன் யீ மேலேயிருந்து.

"மழை பெய்யுது அக்கா!"

"அப்ப மழை."

கைக்கு எட்டிய உயரம்வரை தலைவர் கயிற்றை வெட்டி எடுத்துக்கொண்டு போனார். அதே நிறம் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கலந்து வரும்வரை பல்லித்தடம் அப்படியேதான் இருக்கும் என்று கோ போ லோன் சொல்லிவிட்டார்.

இரண்டாவது யோசனை, நேரம். கயிறு எப்போதும் தொங்கினால்தானே தெரியும்? தேவைப்படும்போது இறக்கி, உடனே ஏற்றிவிட்டால்? கவ்வி தலைவரோடு போய்விட்டதால், மிச்சக் கயிற்றில் இன்னொரு துண்டை முடிந்து, நுனியில் கம்பியை வளைத்து ஒரு கொக்கி கட்டினார்.

"நீ வந்ததும் சத்தம் கொடு," என்று கோ லத்திடம் சொன்னார். "பேர் சொல்லிக் கூப்பிடாதே. யாருக்கும் சந்தேகம் வராத சத்தமா இருக்கணும்."

கோ லத் யோசித்தார். உதட்டைக் குவித்து, முத்தம் கொடுக்கிற மாதிரி இரண்டு முறை உறிஞ்சினார். தேநீர்க் கடையில் பரிமாறுகிறவரைக் கூப்பிட எல்லோரும் போடுகிற சத்தம்தான். அதைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"நீ புத்திசாலிடா!" என்றார் டோ சேன் யீ.

அவர் புத்திசாலிதான். ஆனால் தேநீர்க் கடை சரியாக அந்தப் பால்கனிக்குக் கீழேதான் இருந்தது என்பதை இருவருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கடை திறந்ததிலிருந்து முத்தமாகக் கேட்டது. ஒவ்வொரு முத்தத்துக்கும் டோ சேன் யீ கொக்கியை இறக்கினார். ஒன்றுமில்லாமல் ஏற்றினார். மறுபடி முத்தம், மறுபடி கொக்கி. கொக்கி ஒருவருடைய தேநீரைக் கலக்கிவிட்டுப் போனது. ஒருவர் காதைத் தொட்டுவிட்டுப் போனது. கைவலியில் அவர் குனிந்து பார்ப்பதையே விட்டுவிட்டு, கனமாக ஏதாவது மாட்டினால் இழுப்பது என்று முடிவு செய்தார்.

கனமாக இல்லை, ஆனால் ஏதோ மாட்டியது. இழுத்தார்.

கீழே ஊ சித் ஸ்வே வட்டாரப் பெரியவர் ஒருவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மரியாதைக்காகக் கட்டிவந்த பட்டுத் தலைப்பாகையைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். அது எழுந்தது. மேசையைவிட்டு, பேச்சைவிட்டு, ஒவ்வொரு மாடியாக, அவசரமே இல்லாமல் மேலே போனது. கடை முழுவதும் வாயைத் திறந்து பார்த்தது. வட்டாரப் பெரியவர் தன்னையறியாமல் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஐயையோ!" என்றார் மேலே டோ சேன் யீ. அவசரமாகத் திருப்பி இறக்கினார். அவசரம் எப்போதும் கெடுதல். தலைப்பாகை பாதி வழியில் கொக்கியிலிருந்து நழுவி, அழகாக மிதந்து இறங்கி, பலகாரக் கடாயில் விழுந்தது.

கடைக்காரர் அதைக் கரண்டியால் புரட்டி எடுத்து, எண்ணெய் வடியவிட்டு, தலைவரிடம் பவ்யமாக நீட்டினார். "பொன்னிறமா வந்திருக்குங்க."

அன்று தலைவரிடமிருந்து வின் காங்குக்கு போன் போய்விட்டது. அவன் சாயங்காலமே வந்து நின்றான், ஆனால் அக்காவிடம் சத்தம் போடவில்லை. "அக்கா, திருநாளுக்கு இன்னும் எட்டு நாள்தான். இனிமே கயிறுன்னு ஒண்ணு என் காதுல விழுந்தா, நான் பேசவே மாட்டேன். டாக்ஸியோட வருவேன்," என்றான். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

அந்த ராத்திரி டோ சேன் யீ கறுப்புத் தொலைபேசியின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அதில் ஒரு சத்தமும் இல்லை. "பேசாம போய்டலாமா?" என்று அதனிடம் கேட்டார். அது எதிர்ப்புச் சொல்லாததே அவருக்குக் கோபம் வரப் போதுமாக இருந்தது. "முடியாதுன்னா முடியாது!" என்று ரிசீவரை ஓங்கி வைத்தார்.

காலையில் கோ லத்திடம் சொல்லி அனுப்பினார்: "தூண்டில் நரம்பு வாங்கிட்டு வா. மீனுக்கே தெரியாதுன்னா மனுஷனுக்கு எங்க தெரியப்போகுது?"

கோ லத் ஒரு சிறிய சுருளோடு வந்து, அந்த ஒரு முறை மட்டும் பெருந்தன்மையாக ஐந்து மாடியும் ஏறினார். "கடைசிச் சுருள் பெரியம்மா. நல்ல வேளை கிடைச்சுது. மழைக்காலத்துல மீன் நிறைய போல, வித்துத் தீர்ந்துடுச்சாம்."

மணி காட்டிக்கொடுக்கும் என்று அதைக் கழற்றி, நரம்பின் மேல் நுனியைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கீழே யாராவது இழுத்தால் அவர் கை எழும். தேநீர் குடித்துக்கொண்டிருந்தால் தேநீரும் எழும். அதைப் பொறுத்துக்கொண்டார்.

நரம்பு தெரியவே இல்லை. அதுதான் அதன் குறை. கோ லத்துக்கும் தெரியவில்லை. தினமும் காலையில் சுவரின் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி, கண்ணைச் சுருக்கி, காற்றைத் துழாவினார். கொக்கி கையில் படும்வரை துழாவினார். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சுவரில் அந்தப் பல்லித்தடம். அதன் முன்னால் கைதூக்கி உருகி நிற்கும் ஒரு மனிதர்.

மறுநாள் அந்த இடத்தில் யாரோ ஒரு முழம் மல்லிகைப் பூ வைத்திருந்தார்கள். அதற்கு மறுநாள் ஒரு தேங்காயும் ஒரு சீப்பு வாழைப்பழமும்.

"அந்தச் சுவத்துல நாட் தேவதை வந்து இறங்கியிருக்காம்," என்று கோ லத் மேலே பார்த்துக் கிசுகிசுத்தார், ஐந்து மாடிக்கும் கேட்கிற மாதிரி.

டோ சேன் யீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனித்தார். உண்மைதான். கூட்டம் வளர்ந்துகொண்டிருந்தது. கீரைக்காரி வந்து கைகளை உயர்த்தினாள். டோஃபு விற்கிறவர் சற்றுத் தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கி, காற்றைத் தடவினார். வெற்றிலைக்காரர் ஓரமாக நின்று இரண்டு கையையும் தூக்கினார். கோ லத்தே பேப்பரை மாட்டி முடித்த பிறகும் அங்குமிங்கும் நகர்ந்து மறுபடி மறுபடி துழாவினார். 'பாவம், இவனுக்கே பக்தி வந்துடுச்சு' என்று டோ சேன் யீ நினைத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊ சித் ஸ்வே! ஒரு கையில் மொய்ங்காப் பொட்டலம், மறு கை காற்றில். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு கும்பிட்டார்.

"மொய்ங்கா படைக்கறாரே மனுஷன்!" டோ சேன் யீக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. ஒரு துண்டு நரம்புக்காக ஊரையே பொய்த் தேவதைக்குக் கும்பிட வைத்துவிட்டோமே? புத்தர் மாடத்தின் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டு எழுந்தது. கீரை வந்திருந்தது.

விளக்குத் திருநாள் காலை வின் காங் வந்தான். அக்காவின் முன்னால் மண்டியிட்டு மூன்று முறை விழுந்து கும்பிட்டான். ஒரு கம்பளியும் பழக்கூடையும் வைத்தான். "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்பை எல்லாம் மன்னிச்சுடு அக்கா," என்று முறைப்படி கேட்டான்.

"மன்னிச்சேன். நல்லா இரு."

"பெட்டி கட்டியாச்சா?"

"எதுக்குக் கட்டணும்? எங்க கயிறு? காட்டு பாக்கலாம்."

அவன் பால்கனிக்குப் போய்ப் பார்த்தான். சுவர் சுத்தமாக இருந்தது, பல்லித்தடம் தவிர. அவன் முகத்தில் சந்தேகமும் ஏமாற்றமும் சேர்ந்து வந்தன. டோ சேன் யீ மணிக்கட்டைத் தோளில் போட்டிருந்த சால்வைக்குள் மறைத்துக்கொண்டார்.

கீழே வட்டாரப் பெரியவர்கள் வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். ஊ சித் ஸ்வே புதுத் தலைப்பாகையோடு, ஒரு கையால் அதைப் பிடித்தபடியே வரவேற்றுக்கொண்டிருந்தார். புதிதாகக் கலந்த பச்சை அன்று காலைதான் வந்து சேர்ந்ததால், கோ போ லோன் மொட்டை மாடியிலிருந்து தொங்கு பலகையில் வேகமாக இறங்கினார். பெரியவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் தடத்தை மூடிவிட வேண்டும்.

ஐந்தாவது மாடிக்குக் கீழே வந்ததும் அவர் அலறினார்.

"ஐயோ! யாரோ என் கழுத்தைப் பிடிக்கறாங்க!"

"நாட்!" என்றது தெரு. பூக்காரம்மா கும்பிட்டே விட்டாள்.

உள்ளே டோ சேன் யீயின் கை விருட்டென்று எழுந்தது. சால்வை விலகியது. வின் காங் அந்த மணிக்கட்டைப் பார்த்தான். அதிலிருந்து பளபளத்து வெளியே ஓடிய நரம்பைப் பார்த்தான். பேசவில்லை.

"நாட் இல்லீங்க!" கோ போ லோன் கழுத்தைத் தடவியபடி கீழே கத்தினார். "தூண்டில் நரம்பு!"

ஊ சித் ஸ்வேயின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. பெரியவர்களைப் பார்த்தார். மேலே பார்த்தார். "ஐந்தாவது மாடி!" என்று கர்ஜித்தார். "எனக்குத் தெரியும்! ஐந்தாவது மாடிதான்!"

டோ சேன் யீ பால்கனிக்கு வந்தார். மறைக்க இனி ஒன்றும் இல்லை. ஒருவேளை மன்னிப்புக் கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். அவர் கையை உயர்த்தி, மணிக்கட்டைத் தெருவுக்கே காட்டினார்.

"என்னோடதுதான்! சாயம் பூசினதும் நான்தான், தலைப்பாகையை வறுத்ததும் நான்தான்! போதுமா? அந்தக் குயிலு கூவும், நான் இறங்கணும். ஏன் இறங்கணும்? கயிறு வெக்கப்பட வேண்டிய விஷயமாய்யா? கரன்ட் கேக்காது, பழுது வராது, என் முட்டியை வலிக்க வைக்காது. பழசுங்கறது ஒண்ணுதானே அது செஞ்ச குத்தம்?"

ஏழாவது மாடி எண்பது வயசுக்காரர் பால்கனியில் வந்து நின்று, ஏனோ வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்று வின் காங் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னான். "நீ சொல்றது எல்லாம் சரியா இருக்கலாம். ஆனா ஆறு வீடும் அது இல்லாம இருக்கு. உனக்கு மட்டும் முடியல. பெட்டி எங்க இருக்கு?"

டோ சேன் யீ மணிக்கட்டு நரம்பைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் என்று கையைக் காட்டினார். வின் காங் குனிந்து பெட்டியை இழுத்தான்.

"வெட்டுய்யா!" கீழே ஊ சித் ஸ்வே கத்தினார். "பெரியவங்க பாத்துக்கிட்டு இருக்காங்க! தொங்கற கயித்தை இப்பவே வெட்டு!"

கோ போ லோன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். பலகையில் இருந்தபடி இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், கீழே மூன்றாவது மாடியைப் பார்த்தார்.

"வெட்டறேன் தலைவரே, ஆனா இங்க வீட்டுக்கு ஒண்ணா ஏழு தொங்குது, மூணாவது மாடி நரம்புல உங்க வீட்டம்மா இப்பதான் மொய்ங்காவை இழுத்துக்கிட்டு இருக்காங்க, அது உள்ள போனதும் வெட்டவா?"